வெள்ளை நூல் கட்டியவளுக்கு

இன்று காலை உன் குடிசை மூலையில் புதைந்திருந்த பானையைத் தோண்டி எடுத்தேன். வாயைக் கட்டியிருந்த பனையோலையை அவிழ்த்ததும் கிளம்பிய நாற்றத்தில், பக்கத்தில் படுத்திருந்த நாய்கூட எழுந்து போய்விட்டது. மடவை மீனும் உப்பும் தவிடும் மாதக்கணக்கில் ஒன்றாகக் கிடந்து புழுங்கிய நாற்றம். கருவாட்டுக்கு நடுவில் பிறந்து கருவாட்டுக்கு நடுவில் சாகிற குப்பத்தையே மூக்கைப் பொத்த வைத்தவள் நீ ஒருத்திதான். "எங்க ஊர்ல இது இல்லாம சோறு எறங்காது" என்பாய். செத்து ஒரு கோடைக்காலம் போயும் உன் நாற்றம் போகவில்லையடி. பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் தம்பியை ஓலையும் எழுத்தாணியும் எடுத்துவரச் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எழுத்து வராது. அவன் கோட்டைக் கிடங்கில் துணிக்கட்டுகளுக்குக் கணக்கெழுதியவன். இப்போது முதுகு வளைந்து, வேலை போய், என் சோற்றைத் தின்றுகொண்டு என் வீட்டில் கிடக்கிறான். நான் வாய்க்கு வந்தபடி பேசுவதை அவன் ஒழுங்கான தமிழாக்கிக் கீறுகிறான்.

"இன்னாக்கா, செத்தவளுக்குப் போயி ஓலை எழுதறே? யாரு படிச்சுக் காட்டப் போறாங்க?" என்று கேட்டான்.

"நீ எழுதுடா. ஒரு வார்த்தை விடக்கூடாது" என்றேன்.

நீ என் வீட்டுக்கு முதன்முதலில் விறகு கேட்டு வந்தாய். பச்சைப் பிள்ளை மார்பில் இருந்தது. கோட்டையில் பீரங்கி சுடும் ஒல்லாந்தன் ஒருவன் சயாமில் உன்னைப் பிடித்து இங்கே கொண்டுவந்திருந்தான். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற எல்லாரும் எங்களுக்குச் சீனர்கள்தான். உன்னையும் சீனத்தி என்றோம். நீ விடாமல் "லாவோ, லாவோ" என்று திருத்திக்கொண்டே இருந்தாய். உன் ஊரில் கடல் கிடையாதாம், ஒரு பெரிய ஆறுதானாம். கடல் இல்லாத ஊரில் மீன் ஏது என்று நான் சிரித்தேன். அதற்கு நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

பிள்ளை பெற்றவள் நெருப்பின் பக்கத்திலேயே படுக்க வேண்டும், வெந்நீரே குடிக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். உன் ஆள் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ மூட்டிய நெருப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வீட்டைக் கொளுத்தப் பார்க்கிறாயா என்று அடித்தானாம். அதனால் என் அடுப்படிக்கு வந்து படுத்தாய். ஆனி மாத வெயில் வேறு. குப்பத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "வெயிலு பத்தலியாம், நெருப்புல காயறா பாரு, கருவாடு மாதிரி" என்று சிரித்தார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு வேர்வை சொட்டக் கிடந்தாய். உள்ளே குளிர்ந்துபோன பெண் பிழைக்கமாட்டாள் என்று உன் அம்மா சொன்னதை எனக்குச் சொன்னாய்.

நெருப்பில் படுத்துக் காத்துக்கொண்ட உடம்பு எதற்கு ஆயிற்று? உன் ஆளுக்குச் சொந்த ஊர் போக உத்தரவு வந்தது. பிள்ளைக்கு அவன் நிறம் வந்திருந்ததால் எடுத்துக்கொண்டான். உனக்கு உன் நிறம் என்பதால் விட்டுவிட்டான். கப்பல் மறைந்த பிறகு நீ கரையில் உட்கார்ந்து, கட்டிய பாலைப் பிழிந்து மணலில் விட்டாய். நான் தோளைத் தொட்டபோது, "எனக்கு யாரும் கூப்புடல" என்றாய். அப்போது எனக்கு அதன் பொருள் தெரியவில்லை.

பிறகு எங்கள் குப்பத்தின் ஓரத்திலேயே குடிசை போட்டாய். அதையும் மனிதர்களைப் போலப் போட்டாயா? பனங்கட்டைகளை நட்டு, அதன்மேல் பரண் கட்டி, ஏணி வைத்து ஏறினாய். "குடிசைக்குக் கால் மொளைச்சிருக்கு, ஓடிடப் போவுது" என்று ஊரே கேலி செய்தது. ஐப்பசியில் ஏரி பெருகி எங்கள் அடுப்பெல்லாம் மிதந்தபோது, அதே ஊர் அந்த ஏணியில் ஏறி வந்து வெட்கமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. நீ எல்லாருக்கும் சோறு அவித்தாய். உன் ஊர் அரிசியை அவித்தால் பிசின் மாதிரி ஒட்டுமாம். உருட்டி உருட்டித் தின்பீர்களாம். எங்கள் அரிசி உன் விரலில் உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் உருட்டிப் பார்ப்பாய், ஒவ்வொரு முறையும் உதிரும். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். விட்டுத் தொலையேன் என்று கத்தியிருக்கிறேன்.

ஒருநாள் ஆசையாக உன் தலையை வழித்து நெட்டி முறிக்கக் கையை நீட்டினேன். பாம்பைக் கண்டவள்போலத் துள்ளி விலகினாய். "தலைல கை வெக்காதே!" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் பல நாள் உன்னோடு பேசவில்லை. அப்புறம் நீயே வந்து விளக்கினாய். உடம்புக்குள் முப்பத்திரண்டு உயிர் இருக்கிறதாம், அதில் பெரியது தலையில் குடியிருக்கிறதாம். பயந்தாலும் பிரிந்தாலும் நோயில் விழுந்தாலும் அவற்றில் ஒன்றிரண்டு உடம்பை விட்டு எங்காவது போய் நின்றுகொள்ளுமாம். "எங்களுக்கு ஒண்ணே பாரமா கீது, உங்களுக்கு முப்பத்திரண்டா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன்னை அப்படிச் சிரிக்க வைத்தவள் இந்தப் பழவேற்காட்டில் நான் மட்டும்தான் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

என் வீட்டுக்காரரை முகத்துவாரத்து அலை புரட்டிப்போட்ட வருடம் அது. உடம்பு கரையில் ஒதுங்கியதை முதலில் பார்த்தவள் என் மகள் கன்னியம்மாள். அப்போது சிறுமி. பார்த்த கணத்திலிருந்து அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. வேப்பிலை அடித்தோம், மந்திரித்தோம், மாதா கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. நீதான் ஒரு தட்டில் அவித்த முட்டையும் சோறும் வாழைப்பழமும் வைத்து, வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டிப் பூச்செருகி, நெசவுக்காரத் தெருவில் பொறுக்கிவந்த வெள்ளை நூலை அதன்மேல் தொங்கவிட்டாய்.

"உயிரு எங்க பயந்துச்சு? எடத்தச் சொல்லு. எடம் தெரியாம எங்கன்னு போயிக் கூப்புடறது?" என்று என்னைக் கேட்டாய்.

முகத்துவாரம் என்றேன். சடங்கில் சொன்னதை அப்புறம் யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் எச்சரித்தாய். பிறகு முகத்துவாரம் இருக்கும் திசையைப் பார்த்து, "மா தே, குவன் எய்" என்று பாடினாய். வா உயிரே, திரும்பி வா என்று அர்த்தமாம். அலைக்குப் பயப்படாதே, உன் சோறு ஆறுகிறது, உன் பாய் காலியாகக் கிடக்கிறது, வா என்று நீண்ட பாட்டு. கன்னியம்மாளின் மணிக்கட்டில் நூலைக் கட்டினாய். கத்தியால் அறுக்காதே, தானாக அவிழ வேண்டும் என்றாய். அன்று பொழுது சாய்வதற்குள் என் மகள், "அந்த முட்டையத் துன்னலாமா?" என்று கேட்டாள். முட்டை கேட்ட அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன் பிறகு குப்பமே உன்னிடம் வந்தது. படகு கவிழ்ந்து தப்பியவன், பிள்ளை பெற்றவள், கெட்ட கனவு கண்டவன் எல்லாருக்கும் நூல். சித்திரை ஒன்றாம் தேதி எங்களுக்கும் வருடப் பிறப்பு, உங்களுக்கும் ஏறக்குறைய அதே நாள் என்று தெரிந்தபோது நீ குழந்தைபோலக் குதித்தாய். அன்றைக்கு வயதானவர்களின் கையில் பூ மிதக்கும் தண்ணீரை ஊற்றி, வீடு வீடாக நூல் கட்டுவாய். நாங்கள் உனக்கு வேப்பம்பூவும் வெல்லமும் தருவோம்.

அப்புறம் மழை பொய்த்தது. பொன்னேரிப் பக்கத்து வயல்களெல்லாம் வெடித்தன. மேற்கே சண்டை வேறு. பயிர் வைத்தவர்கள் சுருட்டிக்கொண்டு கடற்கரையை நோக்கி நடந்தார்கள். அரிசிக்காகத் தங்களையே விற்றார்கள், பிள்ளைகளையும் விற்றார்கள். ஒல்லாந்தர்கள் கோட்டையை ஒட்டிய கொட்டகையில் அவர்களை அடைத்து வைத்து, கப்பல் வரும்போது சலங்குப் படகில் கப்பலுக்கு ஏற்றித் தீவுகளுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். அந்தத் துறையில் தலையெண்ணி ஏற்றும் வேலையைத் தம்பிக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் தம்பி உன் ஏணியடியில் வந்து நின்றான். "அக்கா, அதுங்க பயந்தே சாவுதுங்க. கஞ்சி ஊத்தனா துப்புதுங்க. நீ வந்து நூல் கட்டேன், ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்றான். நீ உடனே கிளம்பினாய். நாள்தோறும் போனாய். கொட்டகையில் ஒவ்வொருவரையும் ஊர்ப்பெயர் கேட்டு, அந்த ஊரைப் பார்த்து உயிரைக் கூப்பிட்டு, மணிக்கட்டில் நூல் கட்டினாய். அவர்கள் சாப்பிட்டார்கள். தூங்கினார்கள். ஆடுமாடுகளைப்போலச் சத்தமில்லாமல் படகில் ஏறினார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. உன் பரணில் ஏறி வந்து கத்தினேன். "ஒன் நூலாலதான் அவங்க சரக்கு கெடாமப் போவுது, தெரியுதா ஒனக்கு? பயந்து செத்தாலாவது இங்கயே சாவட்டுமே!"

நீ கோபப்படவில்லை. நூலைத் திரித்துக்கொண்டே சொன்னாய்: "போறவங்க போவத்தான் போறாங்க. உயிரு இங்கயே நின்னுட்டா, ஒடம்பு அங்க போயி இன்னா பண்ணும்? என்ன ஏத்துனப்போ யாரும் கட்டல. நான் இன்னும் பாதிதான் இங்க கீறேன்."

உன்னோடு வாதாடி ஜெயிக்க முடியாது. இறங்கி வந்துவிட்டேன்.

அந்தச் சித்திரை ஒன்றாம் தேதி நீ வழக்கம்போல வந்தாய். கன்னியம்மாளுக்கு ஆரம்பாக்கத்திலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். "கட்டிக்கப் போற பொண்ணு, நல்லா ரெண்டு கையிலயும் கட்டு" என்று நான்தான் சொன்னேன். இரண்டு கையிலும் கட்டினாய். நூல் கட்டிய கையோடு கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கோட்டைச் சந்தைக்குப் போனாள் அவள். திரும்பி வரவில்லை.

கொட்டகையிலிருந்து ஒரு பெண் தப்பி ஓடியிருந்தாள். காவலர்கள் சந்தையில் தேடியபோது என் மகளின் கையில் வெள்ளை நூலைப் பார்த்திருக்கிறார்கள். கொட்டகையில் அடைபட்டவர்களின் அடையாளமாக அதற்குள் அந்த நூல் ஆகியிருந்தது; அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குப்பத்துப் பெண் என்று அவள் கதறினாளாம். எல்லாரும் அப்படித்தான் கதறுவார்கள் என்று இழுத்துப் போனார்களாம். மீன் விற்றவர்கள் ஓடிவந்து சொன்னதும் நீயும் நானும் துறைக்கு ஓடினோம். சலங்கு முகத்துவாரத்தைத் தாண்டியிருந்தது. நான் மணலில் விழுந்தேன். நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று, "மா தே, மா தே" என்று தொண்டை கிழியக் கத்தினாய். தம்பி கிடங்குப் பக்கமிருந்து ஓடிவந்து, தான் அங்கே இல்லாமல் போய்விட்டேனே என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

யாராவது ஒருவரைக் கடிக்காமல் ஊருக்குப் பசி ஆறாது. கோட்டையைக் கடிக்கப் பல் இல்லை. "நூல் கட்னது யாரு? அவதானே? காட்டிக்குடுத்தவளே அவதான்" என்று உன்மேல் பாய்ந்தார்கள். உன் குடிசையின் கால்களைக் கோடாலியால் வெட்டிச் சாய்த்தார்கள். ஏரி பெருகியபோது அதே பரணில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள்தான் வெட்டினார்கள். தரையோடு தரையாகக் கிடந்த கூரைக்குள் நீ ஊர்ந்து போனதைப் பார்த்து, "இப்பத்தான் மனுஷி மாதிரி கீறா" என்றாள் ஒருத்தி. பேய்க்குச் செய்வதுபோலப் பிள்ளைகளைவிட்டு உன் தலையில் சாணி எறிய வைத்தார்கள். தலையில்! யாரையும் தொடவிடாத அந்தத் தலையில். நீ துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாய். சாகும்வரை தரையில்தான் படுத்தாய்; மழைக்காலமெல்லாம் ஈரத்தில் இருமினாய்.

நான் உன்னை ஒரு சொல் சொன்னதில்லை. இரண்டு கையிலும் கட்டச் சொன்னவள் நான் அல்லவா? உனக்கு என்னையும் எனக்கு உன்னையும் விட்டால் கடல் தின்ற பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆளில்லை. வருடங்கள் அப்படியே போயின.

இதுவரை தம்பி தடையில்லாமல் எழுதினான். நடுவே மூக்கைக்கூடச் சிந்திக்கொண்டான். இனி வருவதை நான் சொல்லச் சொல்ல அவன் முகத்தைப் பார்க்கப் போகிறேன்.

போன கார்த்திகையில், உன் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாய். சடங்கில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, ஆனால் சொல்லாமல் போனால் ஒரு வேலை பாக்கி நின்றுவிடும் என்றாய்.

"ஒன் தம்பி எங்கிட்ட வந்தான். புள்ள போன அடுத்த மாசமே. தூக்கமில்ல, சோறு எறங்கல, நூல் கட்டுன்னான். உயிரு எங்க நின்னுச்சுன்னு கேட்டேன். துறையிலன்னான்."

தம்பியின் கை நின்றுவிட்டது. எழுதுடா என்கிறேன். என்னைப் பார்க்கிறான். எழுது. ஒரு வார்த்தை விடக்கூடாது என்று காலையிலேயே சொன்னேன்.

எழுதுகிறான்.

நூலை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று காவலர்களுக்குச் சொன்னவன் இவன்தான். "நூல் கட்னது நம்மளது, கட்டாதது ஊரு" என்றானாம். எண்ணுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. ஓடிப்போனவளால் தலை ஒன்று குறைந்தபோது, ஆள் குறைந்தால் நீ ஏறு என்று மேலே இருந்தவன் மிரட்டியிருக்கிறான். அந்த நேரத்தில் காவலர்கள் என் மகளை இழுத்துவந்து இவன் முன்னால் நிறுத்தினார்கள். எங்க மாமா இங்கே கணக்கெழுதுகிறார், அவரைக் கேளுங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். இது உன் வீட்டுப் பெண்ணா என்று இவனைக் கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளை விட்டுவிடுவார்கள்.

"அவ மாமான்னு கூப்ட்டா. நான் ஏரியப் பாத்துக்கினு நின்னேன்" என்று உன்னிடம் சொன்னானாம்.

எல்லாம் தெரிந்தும் நீ அவன் கையில் நூல் கட்டினாய். சாணி வழிந்த தலையோடு உட்கார்ந்து, அவனுக்காகத் துறையைப் பார்த்துப் பாடினாய். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன். "ஒனக்கு இருந்தது அவன் ஒருத்தன். அவனும் போயிட்டா நீ ஒத்தையா ஆயிடுவே" என்றாய். நான் ஒற்றையாகியிருப்பேன்தான். ஆனால் உன் குடிசை மறுபடி காலூன்றி நின்றிருக்கும். உன் நுரையீரலில் ஈரம் ஏறியிருக்காது. யாரிடம் கேட்டுக்கொண்டு எனக்கு இந்த நல்லது செய்தாய்? கொட்டகையில் இருந்தவர்களைச் சத்தமில்லாமல் போக வைத்தாய். இவனைச் சத்தமில்லாமல் இருக்க வைத்தாய். நூலுக்காக உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதற்காக உண்டு. செத்தவள் என்பதற்காகக் குறைக்கமாட்டேன்.

அதோடு விட்டாயா? "அவனுக்கு எல்லா உயிரும் வந்துடிச்சு, ஒண்ணு மட்டும் வரல. இன்னும் அந்தத் துறையிலயேதான் நிக்குது. நான் போயிட்டா அதக் கூப்புட ஆளில்ல. நீ கூப்டு" என்று என் கையில் நூலைத் திணித்துவிட்டுக் கண்ணை மூடினாய். என் மகளை விற்றவனுக்கு என் வாயால் வா என்று சொல்லச் சொன்னாய். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு போடும் ஒவ்வொரு வேளையும் அந்த வார்த்தை என் தொண்டையில் வந்து முட்டுகிறது. மென்று விழுங்கிவிடுகிறேன்.

தம்பி எழுத்தாணியை ஓரமாக வைத்துவிட்டான். அழவில்லை. "அக்கா" என்கிறான். "கூப்டுக்கா. ஒரு தடவ கூப்டு. நான் நிம்மதியாப் போயிடறேன்." வலது கையை என் மடிக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறான். எலும்பும் தோலுமான கை. சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவனை ஏரிக்கு அழைத்துப் போவேன்.

கையை எடுத்துக்கொண்டு எழுது என்றேன். எழுதுகிறான்.

நீ கற்றுத்தராமலே உன் பாட்டு எனக்கு வந்துவிட்டது. பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. கன்னியம்மாளுக்காக நாள் தவறாமல் கடலைப் பார்த்துப் பாடுகிறேன். அவள் எந்தத் தீவில், யார் வீட்டு அடுப்படியில் இருக்கிறாளோ, வரட்டும். உனக்காகவும் பாடுகிறேன். உன் மீதிப் பாதி அந்தப் பெரிய ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தால், இங்கே வரவேண்டாம், அங்கேயே வீட்டுக்குப் போ என்று தமிழில் சொல்கிறேன். இந்தக் குப்பத்துக்கு மறுபடி வர உனக்கென்ன தலையெழுத்தா?

இவனை மட்டும் கூப்பிடமாட்டேன். உன் சொல்லைத் தட்டுகிறேன், கோபித்துக்கொள். இவனுடைய அந்த ஓர் உயிர் துறையிலேயே நிற்கட்டும். வெயிலிலும் வாடையிலும் நிற்கட்டும். என் மகள் என்றைக்காவது அந்தத் துறையில் வந்து இறங்கினால், இது யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்கள். அப்போது எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும்.

இதையும் எழுது என்றேன். எழுதினான்.